கையெழுத்து இருக்கிறது, ஓடுதளம் கிடைக்குமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: தைவான் மீது சீனா படையெடுத்தால், அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்திருக்கும் ஜப்பான், பிலிப்பைன்ஸ், தென் கொரியா, ஆஸ்திரேலியா எல்லாம் தானாகவே போரில் இறங்கியாக வேண்டுமா? அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு குவாட் என்ற நால்வர் குழுவில் இருக்கும் இந்தியாவும் மாட்டிக்கொள்ளுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. இந்த நாடுகளிடமிருந்து அமெரிக்காவுக்கு உண்மையில் என்ன தேவை என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சுருக்கமானது. எந்த ஒப்பந்தமும் எவரையும் தானாகப் போருக்கு அனுப்பாது, அமெரிக்காவையும் சேர்த்துத்தான். இரண்டாவதுதான் விரித்துப் பேச வேண்டியது. ஏனென்றால் அமெரிக்கா இந்த நாடுகளின் கதவைத் தட்டும்போது முதலில் கேட்கப்போவது விமானம் இறங்க இடம், எரிபொருள், ஏவுகணைகளை இறக்கி வைக்கக் கிடங்கு, அடிபட்ட கப்பலைப் பழுதுபார்க்க ஒரு துறை. சிப்பாய்களைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

தாளிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்க–பிலிப்பைன்ஸ் ஒப்பந்தம் 1951 ஆகஸ்ட் 30 அன்று கையெழுத்தானது. பசிபிக் பகுதியில் இருவரில் ஒருவர் மீது ஆயுதத் தாக்குதல் நடந்தால் அது தன் பாதுகாப்புக்கும் ஆபத்து என்று மற்றவர் ஏற்கிறார், அந்த ஆபத்தை எதிர்கொள்ளத் தன் அரசமைப்பு நடைமுறைகளின்படி செயல்படுவார் என்கிறது 4ஆவது ஷரத்து. 'அரசமைப்பு நடைமுறைகளின்படி' என்ற சொற்களில்தான் சூட்சுமம். அமெரிக்காவில் போர் அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸிடம் இருக்கிறது. அதைக் குடியரசுத் தலைவர் ஓர் ஒப்பந்தத்தின் வழியாக வெளிநாட்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் செனட் உறுதியாக இருந்தது. அதே ஆண்டின் ஆஸ்திரேலியா–நியூசிலாந்து ஒப்பந்தம், 1953இன் கொரிய ஒப்பந்தம், 1960இல் திருத்தி எழுதப்பட்ட ஜப்பான் ஒப்பந்தம் எல்லாவற்றிலும் இந்த வாசகம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பலரும் இரும்புக்கட்டாக நினைக்கும் நேட்டோவின் 5ஆவது ஷரத்துகூட, ஒவ்வொரு நாடும் 'தேவையென்று தான் கருதும் நடவடிக்கையை' எடுக்கும் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்ற வரியும், எல்லோருக்கும் பொதுவான தலைமையகமும் நேட்டோவில் உண்டு. பசிபிக்கில் இவை இரண்டுமே இல்லை.

ஜப்பான் ஒப்பந்தம் இன்னும் ஒருபக்கமானது. அதன் 5ஆவது ஷரத்து ஜப்பானின் நிர்வாகத்தின்கீழ் உள்ள பகுதிகள் தாக்கப்பட்டால் மட்டுமே பொருந்தும். பசிபிக்கில் உள்ள அமெரிக்கத் தீவான குவாம் மீது குண்டு விழுந்தால் ஜப்பான் வர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அதற்கு ஈடாக 6ஆவது ஷரத்தில் ஜப்பான் கொடுப்பது தளங்களை, ஜப்பானின் பாதுகாப்புக்காக மட்டுமல்லாமல் 'தூரக் கிழக்கின்' அமைதிக்காகவும். ஒருவர் காவல் தருகிறார், மற்றவர் இடம் தருகிறார் என்ற பண்டமாற்று அது. பிலிப்பைன்ஸ் ஒப்பந்தமோ இருவழிப் பாதை. அதன் 5ஆவது ஷரத்தின்படி பசிபிக்கில் இரு நாடுகளின் படைகள், அரசுக் கப்பல்கள், விமானங்கள் தாக்கப்பட்டாலும் ஒப்பந்தம் பேசத் தொடங்கும். அதாவது தைவான் அருகே ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டால், தாளின்படி மணிலா ஏதாவது செய்தாக வேண்டும். அந்த 'ஏதாவது' என்ன என்பதை மணிலாவே முடிவு செய்துகொள்ளும்.

தைவான் இந்த எதிலும் இல்லை. 1954 டிசம்பரில் அதற்கென்று ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது உண்மை. வாஷிங்டன் பீஜிங்கை அங்கீகரித்த பிறகு, 1980 ஜனவரி 1 அன்று அது முடிவுக்கு வந்தது. இப்போது இருப்பது 1979இன் தைவான் உறவுகள் சட்டம், அமெரிக்காவின் உள்நாட்டுச் சட்டம். தைவானுக்குத் தற்காப்பு ஆயுதங்கள் தர வேண்டும், பலவந்தத்தை எதிர்க்கும் திறனை அமெரிக்கா தன்னிடம் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தத் திறனைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. சீனா தைவானை மட்டும் தாக்கி, அமெரிக்கப் படைகளையும் ஜப்பானையும் தொடாமல் விட்டால், எந்தக் கூட்டாளியின் ஒப்பந்தமும் அசையாது. இதுவரை சொன்னதெல்லாம் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடிய வாசகங்கள்.

இந்த நெகிழ்வை அமெரிக்கா அசட்டையாக எழுதிவிட்டதாக நினைக்க வேண்டாம். 1950களில் வாஷிங்டனின் கவலை எதிரியைப் பற்றியது மட்டும் அல்ல, கூட்டாளிகளைப் பற்றியதும்தான். தென் கொரியாவின் சிங்மன் ரீ வடக்கே படை நடத்தித் தீருவேன் என்று நின்றார். 1953 ஜூனில், போர்நிறுத்தப் பேச்சைக் கெடுப்பதற்காகவே, சுமார் 27,000 போர்க்கைதிகளைத் தன்னிச்சையாகத் திறந்துவிட்டார். தைவானில் சியாங் கை-ஷேக்குக்குப் பெருநிலத்தைத் திரும்பப் பிடிக்கும் கனவு. அதனால் 1954 ஒப்பந்தத்தோடு சேர்த்து ஒரு கடிதப் பரிமாற்றமும் வைத்துக்கொண்டார்கள்: இரு தரப்பும் ஒப்பாமல் அங்கிருந்து படைபலம் பயன்படுத்தக் கூடாது. கேடயமும் கடிவாளமும் ஒரே தோலில் தைத்தவை. ஐரோப்பாவைப் போல ஒரே குடையின்கீழ் எல்லோரையும் சேர்க்காமல், நடுவில் அமெரிக்கா குடமாகவும் ஒவ்வொரு நாடும் தனித்தனி ஆரமாகவும் இருக்கும் சக்கரம் உருவானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜப்பானோடு ஒரே கூட்டணியில் உட்கார அப்போது கொரியாவும் பிலிப்பைன்ஸும் தயாராக இல்லாதது இன்னொரு காரணம். 1954இல் மணிலாவில் பிறந்த சீட்டோ என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டணி முயற்சி 1977இல் கலைக்கப்பட்டது. அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

இனி நிலப்படம். ஜப்பானின் தெற்குத் தீவுகள், ஓகினாவா, தைவான், பிலிப்பைன்ஸின் வடக்குத் தீவான லூசான் என்று வரிசையாக ஒரு சரம் போல இறங்குவதை 'முதல் தீவுச் சங்கிலி' என்கிறார்கள். சீனக் கடற்படை பசிபிக்குக்கு வெளியேற வேண்டுமானால் இந்தச் சரத்தின் இடைவெளிகளைக் கடந்தாக வேண்டும். வடக்கில் மியாகோ நீரிணை, தெற்கில் தைவானுக்கும் பிலிப்பைன்ஸின் பத்தானஸ் தீவுகளுக்கும் நடுவே பாஷி கால்வாய், இவைதான் பெரிய வாசல்கள். ஓகினாவாவின் கடேனா விமானத் தளத்திலிருந்து தைப்பே 600 கி.மீ.க்குச் சற்று மேல். குவாமிலிருந்து தைவான் சுமார் 2,700 கி.மீ. அமெரிக்காவின் எஃப்-35ஏ போர் விமானம் சென்று சண்டையிட்டுத் திரும்பக்கூடிய தூரம் ஏறத்தாழ 1,100 கி.மீ. கணக்கு எளிது. கடேனா போன்ற தளம் கிடைத்தால் ஒரு விமானம் ஒரு நாளில் பலமுறை போய் வரலாம். குவாம் மட்டும்தான் என்றால் ஒவ்வொரு போர் விமானத்துக்கும் வழியில் வானிலேயே எரிபொருள் ஊட்டும் விமானங்கள் வேண்டும், விமானிக்குப் பல மணி நேரப் பயணம், நாளொன்றுக்கு ஒரு சுற்றே பெரிது.

வாஷிங்டனின் சிஎஸ்ஐஎஸ் ஆய்வு நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு போர் விளையாட்டின் முடிவுகளை வெளியிட்டது. 24 முறை ஆடிப் பார்த்தார்கள். பெரும்பாலான ஆட்டங்களில் தைவான் தப்பியது, ஆனால் அமெரிக்காவும் ஜப்பானும் டஜன் கணக்கில் கப்பல்களையும் நூற்றுக்கணக்கில் விமானங்களையும் இழந்தன. இழந்த விமானங்களில் பெரும்பகுதி வானத்தில் சுடப்பட்டவை அல்ல, தரையில் நிறுத்தி வைத்திருந்தபோது அழிந்தவை. ஜப்பானில் உள்ள தளங்களைப் பயன்படுத்த முடியாவிட்டால் அமெரிக்கப் போர் விமானங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்பதும் அந்த ஆய்வின் முக்கிய முடிவு. போர் விளையாட்டை ஜோசியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போட்ட அனுமானங்களுக்கேற்பவே முடிவு வரும். ஆனால் தளம் இல்லாமல் வேலை நடக்காது என்ற அம்சத்துக்கு அனுமானம் தேவையில்லை, மேலே சொன்ன தூரக்கணக்கே போதும்.

சீனா இதை நன்றாக அறியும். டிஎஃப்-26 ஏவுகணையின் எல்லை சுமார் 4,000 கி.மீ., குவாம் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு விமானத் தளத்தை முடக்க அதை முழுக்க அழிக்கத் தேவையில்லை. ஓடுதளத்தில் பள்ளம் விழுந்தால் சில மணி நேரத்தில் கான்கிரீட் போட்டு மூடிவிடலாம். எரிபொருள் தொட்டி எரிந்தால் அது நடக்காது, வெட்டவெளியில் வரிசையாக நிற்கும் விமானங்கள் சிதறினால் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு அமெரிக்க விமானப்படை கண்டிருக்கும் மாற்று, முட்டைகளைப் பல கூடைகளில் பிரித்து வைப்பது: பெரிய தளத்திலிருந்து சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து, பல சிறு ஓடுதளங்களில் இறங்கி, எரிபொருளும் ஆயுதமும் ஏற்றிக்கொண்டு, எதிரி குறிவைப்பதற்குள் வேறிடம் போவது. குவாமுக்கு அருகே தினியான் தீவில், இரண்டாம் உலகப் போரில் அணுகுண்டு விமானங்கள் கிளம்பிய பழைய வடக்குத் தளத்தைக் காடு வெட்டிச் சீரமைப்பது இதற்காகத்தான். கேட்க நன்றாக இருக்கும் இந்த ஏற்பாட்டில் இடிப்பது எங்கே என்றால், ஒவ்வொரு சிறு தளத்திலும் எரிபொருள், குண்டு, அவற்றை ஏற்றும் வண்டி, மெக்கானிக்குகள், ஏவுகணைத் தடுப்பு எல்லாம் முன்கூட்டியே இருக்க வேண்டும். பத்து இடத்தில் பரப்பினால் பத்துப் பங்கு. அதோடு அந்தப் பத்து இடமும் வேறொரு நாட்டின் மண்ணில் இருந்தால் பத்து அனுமதி.

அனுமதி எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைப் பார்க்கப் பிலிப்பைன்ஸைவிடச் சிறந்த பாடம் இல்லை. 1991 ஜூனில் பினாதுபோ எரிமலை வெடித்து கிளார்க் விமானத் தளத்தைச் சாம்பலில் புதைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று பிலிப்பைன்ஸ் செனட், சூபிக் கடற்படைத் தளத்தை நீட்டிக்கும் புதிய ஒப்பந்தத்தை 12க்கு 11 என்ற கணக்கில் தள்ளிவிட்டது. 1992 நவம்பரில் கடைசி அமெரிக்கப் படை வெளியேறியது. கவனியுங்கள், 1951 ஒப்பந்தம் அப்போதும் உயிரோடுதான் இருந்தது. காவல் வாக்குறுதி இருந்தது, காவல்காரருக்கு இடம்தான் இல்லை. 1995இல் சீனா, தென் சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் திட்டில் கட்டுமானம் எழுப்பியது, 2012இல் ஸ்கார்பரோ திட்டு கைநழுவியது. தளம் போனதால்தான் திட்டு போனது என்று சொல்பவர்கள் உண்டு. அது முழுக்க நிறுவ முடியாத வாதம், காலவரிசை மட்டும் அதற்குச் சாதகமாக இருக்கிறது.

அமெரிக்கர்கள் திரும்பி வந்தது முன்வாசல் வழியாக அல்ல. 1998இல் கையெழுத்தான வருகைப் படைகள் ஒப்பந்தம், அமெரிக்க வீரர்கள் அந்நாட்டு மண்ணில் இருக்கும்போது அவர்களுடைய சட்டநிலை என்ன, குற்றம் செய்தால் யார் விசாரிப்பது என்பதைத் தீர்த்தது. 2014 ஏப்ரல் 28 அன்று வந்தது மேம்படுத்தப்பட்ட பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம், சுருக்கமாக எட்கா. அதன் விதிகள், வெளிநாட்டுத் தளங்களுக்கு அந்நாட்டு அரசமைப்பு போட்டிருக்கும் தடையைச் சுற்றிக்கொண்டு போகும்படி எழுதப்பட்டவை. நிரந்தரத் தளம் கிடையாது. குறிப்பிட்ட பிலிப்பைன்ஸ் முகாம்களுக்குள் அமெரிக்கா கட்டடம், கிடங்கு, ஓடுதளம் கட்டிக்கொள்ளலாம், கட்டியது பிலிப்பைன்ஸுக்குச் சொந்தம். வாடகை கிடையாது. கருவிகளையும் எரிபொருளையும் முன்கூட்டியே சேமித்து வைக்கலாம், அணு ஆயுதம் கூடாது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இதைச் செல்லும் என்றது.

முதலில் ஐந்து இடங்கள்: பலவானில் அன்டோனியோ பவுடிஸ்டா, பம்பாங்காவில் பாசா, நுவேவா எசிஹாவில் மக்சாய்சாய் கோட்டை, செபுவில் மக்தான், மிண்டனாவோவில் லும்பியா. இவற்றில் எதுவும் தைவானைப் பார்த்து நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் அறிவித்த நான்கில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்று பலவானுக்குத் தெற்கே பலபாக் தீவு. மற்ற மூன்றும் லூசானின் வடக்கில்: சாந்தா ஆனாவில் கடற்படைத் தளம், லால்-லோ விமான நிலையம், இசபெலாவில் ஒரு ராணுவ முகாம். லால்-லோவிலிருந்து தைவானின் தென்முனை சுமார் 400 கி.மீ. பேரிடர் நிவாரணப் பொருள் வைக்கத்தான் என்று அறிவிப்பில் இருக்கிறது. அது பொய்யில்லை, அந்தக் கரையில் ஆண்டுதோறும் சூறாவளி அடிக்கிறது. ஆனால் அரிசி மூட்டை இறங்கும் ஓடுதளத்தில் ஏவுகணையும் இறங்கும். இந்த இடங்களைத் தாக்குதலுக்குப் பயன்படுத்த விடமாட்டோம் என்று குடியரசுத் தலைவர் மார்கோஸின் அரசு சொல்லியிருக்கிறது. இவற்றில் சாந்தா ஆனாவும் லால்-லோவும் இருக்கும் ககயான் மாகாணத்தின் அப்போதைய ஆளுநர், எங்கள் ஊரை இலக்காக்காதீர்கள் என்று வெளிப்படையாகவே எதிர்த்தார்.

'சுழற்சி முறையில் வந்துபோகும் படை' என்ற சொல் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு டைஃபான் நல்ல எடுத்துக்காட்டு. 1,600 கி.மீ. பாயும் டோமஹாக் ஏவுகணையைத் தரையிலிருந்து ஏவும் அமைப்பு அது. ரஷ்யாவோடு இருந்த இடைத்தூர ஏவுகணைத் தடை ஒப்பந்தத்திலிருந்து 2019இல் விலகிய பிறகே அமெரிக்காவால் இப்படிப்பட்டதை வைத்திருக்க முடிந்தது. 2024 ஏப்ரலில் கூட்டுப் பயிற்சிக்கென்று லூசானுக்கு வந்தது. பயிற்சி முடிந்தது, அது திரும்பிப் போகவில்லை. அடுத்த ஆண்டு பயிற்சியில் நெமிசிஸ் என்ற கப்பல் எதிர்ப்பு ஏவுகணை வண்டியைப் பத்தானஸ் தீவுக்கே கொண்டு போனார்கள். அதன் எல்லை சுமார் 185 கி.மீ.தான், ஆனால் பாஷி கால்வாயை மிரட்ட அது போதும். ஒப்பந்தத் தாளில் ஒரு வரிகூட மாறவில்லை, நிலைமை மட்டும் மாறிவிட்டது.

பிலிப்பைன்ஸ் விஷயத்தில் பலவீனமான இடம் தைவானைவிட அதன் சொந்தக் கடலில் இருக்கிறது. இரண்டாம் தாமஸ் திட்டில் 1999இல் வேண்டுமென்றே தரைதட்ட வைத்த சியேரா மாத்ரே என்ற துருப்பிடித்த கப்பலில் ஒரு சிறு பிலிப்பைன்ஸ் மரைன் குழு காவல் இருக்கிறது. அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொண்டுபோகும் படகுகள் மீது சீனக் கடலோரக் காவல்படை நீரைப் பீய்ச்சுகிறது, மோதுகிறது. 2024 ஜூன் 17 அன்று நடந்த மோதலில் ஒரு பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் கட்டைவிரலை இழந்தார். இது 'ஆயுதத் தாக்குதலா'? தென் சீனக் கடல் எங்கும், கடலோரக் காவல்படை உள்பட, ஒப்பந்தம் பொருந்தும் என்று 2023 மே மாத வழிகாட்டுதல்கள் தெளிவாக்கின. ஆனால் எந்த அளவு அடி விழுந்தால் அது தாக்குதல் என்று எங்கும் எழுதவில்லை. அந்த ஜூன் மோதலுக்குச் சில வாரங்கள் முன்புதான் சிங்கப்பூரில், வேண்டுமென்றே செய்த செயலால் ஒரு பிலிப்பைன்ஸ் குடிமகன் இறந்தால் அது போர்ச் செயலுக்கு மிக அருகில் வரும் என்று மார்கோஸ் சொல்லியிருந்தார். சீனாவின் உத்தி அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கமே நிற்பது.

ஜப்பானில் வாசல் வேறு மாதிரி. அங்கே 50,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள், யோகோசுகாவில் ஏழாம் கடற்படைப் பிரிவும் விமானந்தாங்கியும், இவாகுனியில் எஃப்-35பி விமானங்கள். நாட்டின் நிலப்பரப்பில் 0.6 சதவீதமே உள்ள ஓகினாவாவில், அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கிய இடத்தில் சுமார் 70 சதவீதம் அடங்கியிருக்கிறது. இவ்வளவும் இருந்தும், ஜப்பான் தாக்கப்படாத நிலையில் அங்கிருந்து நேரடிப் போர் நடவடிக்கைக்குக் கிளம்ப வேண்டுமானால் 1960 கடிதப் பரிமாற்றத்தின்படி அமெரிக்கா ஜப்பான் அரசோடு முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். இந்தக் கலந்தாலோசனை இதுவரை ஒருமுறைகூட முறைப்படி நடக்கவில்லை. வியட்நாம் போரின்போது, ஜப்பானிலிருந்து கிளம்பும் படை போர் உத்தரவை வழியில் பெற்றுக்கொண்டால் அது வெறும் 'இடமாற்றம்' என்று பொருள்கொண்டார்கள். கொரியாவில் மீண்டும் போர் மூண்டால் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு ரகசிய உடன்பாடு இருந்ததை 2010இல் ஜப்பான் அரசு அமைத்த குழுவே உறுதிசெய்தது. தைவானுக்கு இந்தச் சந்துகள் உதவாது. கடேனாவிலிருந்து குண்டோடு கிளம்பும் விமானத்தை இடமாற்றம் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜப்பானின் சொந்தப் படை என்ன செய்யலாம் என்பதை 2015 பாதுகாப்புச் சட்டங்கள் படிப்படியாக வைத்திருக்கின்றன. நாட்டின் அமைதிக்கு முக்கியப் பாதிப்பு தரும் நிலை என்று அரசு அறிவித்தால் எரிபொருள், போக்குவரத்து, மருத்துவம் போன்ற பின்புல உதவி மட்டும். நெருங்கிய நாடு தாக்கப்பட்டு அதனால் ஜப்பானின் இருப்பே ஆபத்துக்குள்ளாகும் நிலை என்றால் படைபலத்தையும் பயன்படுத்தலாம். நேரடியாகத் தாக்கப்பட்டால் கேள்வியே இல்லை. எந்தப் படி என்பதை அமைச்சரவை முடிவு செய்து நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெற வேண்டும். 2025 நவம்பரில் பிரதமர் தகாயிச்சி, தைவானைச் சீனா போர்க்கப்பல்களோடு முற்றுகையிட்டால் அது இரண்டாம் படியாகலாம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். முந்தைய பிரதமர்கள் வாயைத் திறக்காமல் காத்து வந்த இடம் அது. பீஜிங் உடனே தன் மக்களை ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்று அறிவுறுத்தியது. தைவானிலிருந்து 110 கி.மீ. தொலைவில் உள்ள யோனகுனியில் 2016இலேயே ஜப்பான் தன் படையை நிறுத்திவிட்டது. இஷிகாகி, மியாகோ தீவுகளிலும் முகாம்கள் வந்துவிட்டன. டோக்கியோ அனுமதி தரும் என்றே பெரும்பாலோர் கணிக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் முதல் நாளா, ஐந்தாம் நாளா என்பதில் போரின் போக்கே மாறிவிடும். அந்த நாள்கணக்கை எந்த ஆவணமும் தீர்க்காது.

தென் கொரியாவைப் பற்றிச் சுருக்கமாக. அங்குள்ள சுமார் 28,500 அமெரிக்க வீரர்கள் முதன்மையாக வட கொரியாவுக்காக இருக்கிறார்கள். அவர்களை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் நெகிழ்வை மதிப்பதாக 2006 ஜனவரிக் கூட்டறிக்கையில் சியோல் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, கொரிய மக்களின் விருப்பத்துக்கு மாறாக வடகிழக்கு ஆசியச் சண்டையில் கொரியா இழுக்கப்படாது என்ற நிலையை மதிப்பதாக வாஷிங்டன் ஒப்புக்கொண்டது. இரண்டு வாக்கியமும் ஒரே தாளில். 2016–17இல் தாட் ஏவுகணைத் தடுப்பை ஏற்றதற்காக, அதற்கு நிலம் கொடுத்த லோட்டே நிறுவனம் சீனாவில் கடைகளையே மூடும்படி ஆனது. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

ஆஸ்திரேலியா விருப்பத்தில் மிக நெருக்கம், தூரத்தில் மிக விலகல். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் 2021இல் அறிவித்த ஆக்கஸ் திட்டப்படி, 2030களின் தொடக்கத்திலிருந்து மூன்று வர்ஜீனியா ரக அணுசக்தி நீர்மூழ்கிகள், தேவைப்பட்டால் ஐந்து, அமெரிக்கா விற்க வேண்டும். சிக்கல் கப்பல் கட்டும் தளத்தில். தன் தேவையையும் இதையும் நிறைவேற்ற அமெரிக்கா ஆண்டுக்கு 2.33 நீர்மூழ்கி கட்ட வேண்டும், கட்டுவதோ சுமார் 1.2. தன் கடற்படையைப் பாதிக்காது என்று குடியரசுத் தலைவர் சான்றளித்த பிறகே விற்கலாம் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. அதனால் இந்தப் பத்தாண்டில் எண்ணிப் பார்க்க வேண்டியது அந்த விற்பனையை அல்ல. 2027இலிருந்து பெர்த் அருகே ஸ்டர்லிங் தளத்தில் சுழற்சியில் வந்து நிற்கப்போகும் நான்கு வரையிலான அமெரிக்க நீர்மூழ்கிகள்தான் கைக்கெட்டியவை.

இதோடு கப்பல்களின் அவஸ்தையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஆர்லி பர்க் ரகப் போர்க்கப்பலில் 90 அல்லது 96 ஏவுகணைக் குழாய்கள். காலியானால் கடலில் நின்றபடி நிரப்ப முடியாது, துறைமுகத்துக்குப் போய் பாரந்தூக்கியால் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். கடலிலேயே நிரப்பும் முறையை 2024 அக்டோபரில் சோசின் என்ற கப்பலில் காலி உறை ஒன்றை வைத்துச் செய்து காட்டினார்கள், வழக்கத்துக்கு வர நாளாகும். ஹவாயின் ரெட் ஹில் நிலத்தடிக் கிடங்கில் சுமார் 95 கோடி லிட்டர் வரை எரிபொருள் வைக்க முடிந்தது. 2021 நவம்பரில் அது கசிந்து குடிநீரில் கலந்ததால் மூட உத்தரவானது. அந்தக் கையிருப்பு இப்போது பல துறைமுகங்களுக்கும் டாங்கர் கப்பல்களுக்கும் பிரிந்திருக்கிறது. பிரிந்து கிடப்பது தாக்குதலுக்குத் தப்பும், ஆனால் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.

இந்தியா பற்றிக் கேட்டீர்கள். குவாடுக்கு ஒப்பந்தமே இல்லை, அதனால் கடமையும் இல்லை. 2016இல் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட லெமோவா, ஒருவர் மற்றவரிடம் எரிபொருளும் பண்டமும் வாங்கிக்கொண்டு கணக்குத் தீர்க்கும் ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் இந்தியா சம்மதிக்க வேண்டும். இந்தியா உண்மையில் எங்கே தொட்டுக்கொள்கிறது என்றால் இரண்டு இடங்களில். பிலிப்பைன்ஸ் 2022இல் பிரமோஸ் ஏவுகணைகளுக்குச் சுமார் 37.5 கோடி டாலரில் ஒப்பந்தம் போட்டது, 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. இன்னொன்று சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளி. 2022 ஆகஸ்டில் சார்லஸ் ட்ரூ என்ற அமெரிக்கக் கடற்படைச் சரக்குக் கப்பல் அங்கே எல் அண்ட் டி தளத்துக்குப் பழுதுபார்க்க வந்தது, அடுத்த ஆண்டு அதற்கென்று தனி உடன்பாடும் ஆனது. இது போர்க்கப்பலுக்கான வாசல் இல்லை. அமெரிக்காவைத் தாய்த்துறையாகக் கொண்ட கடற்படைக் கப்பல்களுக்கு வெளிநாட்டில் பெரிய மராமத்து செய்ய அவர்கள் சட்டமே பெரும்பாலும் தடுக்கிறது. சண்டை நடக்கும்போது அந்தத் துறையைத் திறந்து வைப்பதா என்பது டெல்லியின் அன்றைய முடிவு.

கூட்டாளிகள் வாசலை மூடியதற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. 1986இல் லிபியா மீது குண்டு போடப் போன அமெரிக்க விமானங்களுக்கு நேட்டோ நாடான பிரான்ஸ் தன் வானத்தைத் தரவில்லை. பிரிட்டனிலிருந்து ஐபீரியாவைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 2003 மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றம் அமெரிக்கத் தரைப்படையை உள்ளே விடவில்லை. இரண்டிலும் கூட்டணி முறியவில்லை, திட்டம்தான் முறிந்தது.

இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால், தலைவர்கள் கைகுலுக்கும் படங்களைவிடத் தேதிகளைப் பாருங்கள். ஜப்பான் அமெரிக்கப் படைகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 21,100 கோடி யென் தரும் ஐந்தாண்டு உடன்பாடு 2027 மார்ச் வரைக்கும்தான். மார்கோஸின் ஒரே பதவிக்காலம் 2028 ஜூனில் முடிகிறது. அவருக்கு முன்பிருந்த துதெர்தே 2020 பிப்ரவரியில் வருகைப் படைகள் ஒப்பந்தத்தை ரத்து செய்வதாக 180 நாள் நோட்டீஸ் அனுப்பி, பிறகு தள்ளிப்போட்டு, 2021 ஜூலையில் திரும்பப் பெற்றார். அது போயிருந்தால் எட்கா இடங்களில் அமெரிக்க வீரருக்குச் சட்டநிலையே இருந்திருக்காது. எட்காவின் முதல் பத்தாண்டு 2024இல் முடிந்துவிட்டது. இப்போது அது தானாக நீடிக்கிறது, யாராவது ஒருவர் ஓராண்டு முன்னறிவிப்புக் கடிதம் எழுதும் வரை.